பல்கலைக்கழகத் துறைகளில் கோப்புக் காப்பு நகல்

காப்பு நகல் என்பது கணினியில் உள்ள கோப்புகள் அழிந்தாலோ பழுதடைந்தாலோ அவற்றை மீட்பதற்காக வேறோர் ஊடகத்தில் முன்கூட்டியே எடுத்து வைக்கப்படும் படி ஆகும். காப்புப் படி, காப்பெடுப்பு ஆகிய சொற்களும் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் பேக்கப் என்றே பெரிதும் கூறப்படுகிறது. பல்கலைக்கழகத் துறை ஒன்றில் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், அலுவலர்கள் என நூற்றுக்கணக்கான பயனர்களின் கோப்புகள் ஒரே வழங்கியில் சேமிக்கப்படுவதால், அவற்றைக் காப்பது தனியொருவரின் கணினியைக் காப்பதிலிருந்து வேறுபட்ட பணியாகும். ஆய்வேட்டு வரைவுகள், ஆய்வகத் தரவுகள், மதிப்பெண் பட்டியல்கள், மின்னஞ்சல்கள், நிரல்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுள் பல, வேறெங்கும் படி இல்லாதவை. ஒரு முறை மட்டுமே செய்யக்கூடிய அளவீட்டின் தரவு அழிந்தால் அதை விலைகொடுத்துத் திரும்பப் பெற இயலாது.

தேவை

கோப்புகள் அழிவதற்கான காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- பயனரின் தவறு: யுனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களின் கட்டளைவரியில் நீக்கப்படும் கோப்பு குப்பைத் தொட்டிக்குச் செல்வதில்லை, உடனே நீங்கிவிடும். துறைகளில் வரும் மீட்பு வேண்டுகோள்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தவை.
- வன்பொருள் பழுது: வன்தட்டு தேய்மானம், மின்னழுத்த ஏற்ற இறக்கம், திடீர் மின்தடை.
- மென்பொருள் வழு: கோப்பு முறைமை சிதைதல், தவறாக எழுதப்பட்ட நிரல் பிற கோப்புகளை நீக்குதல்.
- பேரிடர்: தீ, வெள்ளம், கட்டட இடிபாடு.
- தீய நோக்கம்: திருட்டு, பணயத் தீநிரல்.

வன்தட்டுப் பழுதை மட்டும் கருத்திற்கொண்டு, பல தட்டுகளை இணைத்து ஒன்று பழுதானாலும் இயங்குமாறு அமைக்கும் ரெய்டு முறையைச் சிலர் காப்பு நகலாகக் கருதுவதுண்டு. இது தவறாகும். ரெய்டு முறையில் பயனர் ஒரு கோப்பை நீக்கினால் அந்நீக்கம் எல்லாத் தட்டுகளிலும் அதே நொடியில் நடந்துவிடும். இரு கணினிகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவுக்கும் இது பொருந்தும். மூலத்தில் நேர்ந்த தவறு சற்று நேரத்தில் படியையும் வந்தடையும். பழைய நிலைக்குத் திரும்பிச் செல்லும் வழி இருந்தால் மட்டுமே ஒரு படி காப்பு நகல் எனப்படும்.

வரலாறு

தொடக்ககாலக் கணினி மையங்களில் நிரலும் தரவும் துளையட்டைகளில் இருந்தன. சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் 1973ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணினி இக்காலகட்டத்தைச் சேர்ந்தது. அட்டைக்கட்டு பயனரின் கையிலேயே இருந்ததால் காக்கும் பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது. கட்டு கீழே விழுந்து சிதறினால் வரிசையை மீண்டும் அமைப்பதற்காக அதன் மேல்விளிம்பில் குறுக்குக்கோடு ஒன்று வரைந்து வைப்பது உலகெங்கும் இருந்த வழக்கம்.

பல பயனர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினிகள் பரவியபின் கோப்புகள் மையத்தில் உள்ள வட்டுகளுக்கு இடம்பெயர்ந்தன. காக்கும் பொறுப்பும் அவற்றுடன் கணினி நிருவாகியிடம் வந்து சேர்ந்தது. யுனிக்ஸில் கோப்பு முறைமை முழுவதையும் காந்த நாடாவில் எழுதும் டம்ப் கட்டளை 1970களில் உருவானது. 1979ஆம் ஆண்டு வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் டார் கட்டளை இடம்பெற்றது. நாடா ஆவணம் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே டார் ஆகும். நாடாவே காணாத இன்றைய பயனர்களும் இவ்வடிவத்தில் மென்பொருட்களைப் பதிவிறக்குகின்றனர்.

1990களின் தொடக்கத்தில் துறைகளில் ஒவ்வொருவர் மேசையிலும் தனிக் கணினியும் அதற்கெனத் தனி வட்டும் வந்தன. ஒவ்வொன்றிலும் நாடா இயக்கி பொருத்துவது செலவுமிக்கது. ஒருவர் ஒவ்வோர் அறையாகச் சென்று நாடா மாற்றுவதும் நடைமுறைக்கு ஒவ்வாதது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையில் உருவான அமாண்டா என்னும் கட்டற்ற மென்பொருள் இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்தது. இதன் செயல்முறையில் இரண்டு கருத்துகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, இடைநிறுத்த வட்டு. பல கணினிகளிலிருந்து வரும் தரவு ஒரே நேரத்தில் வழங்கியின் வட்டு ஒன்றில் சேர்க்கப்பட்டு, பின்னர் ஒவ்வொன்றாக நாடாவில் எழுதப்படும். வலையமைப்பின் வேகம் குறைந்தாலும் நாடா இயக்கி நின்று நின்று ஓட வேண்டியதில்லை. அன்றிரவு நாடா மாற்ற ஒருவரும் வராவிட்டாலும் தரவு வட்டில் காத்திருக்கும்.

இரண்டாவது, திட்டமிடல். எல்லாக் கணினிகளின் முழு நகலையும் ஒரே இரவில் எடுக்காமல், சுழற்சிக் காலத்தின் எல்லா இரவுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்தளிக்கும் பணியை மென்பொருளே செய்துகொள்ளும். நிருவாகி சுழற்சியின் நீளத்தை மட்டும் கூறினால் போதும்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகியோர் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்சிங்க், மாறிய கோப்பில் மாறிய பகுதிகளை மட்டும் வலையமைப்பில் அனுப்பும் முறையைப் பரவலாக்கியது. 2001ஆம் ஆண்டு வெளியான பேக்கப்பிசி, பல கணினிகளில் உள்ள ஒரே கோப்பை ஒருமுறை மட்டுமே சேமித்தது. பின்னர் வந்த போர்க், ரெஸ்டிக் ஆகிய மென்பொருட்கள் கோப்பைத் துண்டுகளாக்கி, ஒரே உள்ளடக்கம் கொண்ட துண்டுகளை ஒருமுறை மட்டும் மறையாக்கத்துடன் சேமிக்கின்றன.

பயனரே மீட்டுக்கொள்ளும் முறை

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமையில், ஒவ்வொரு பயனரின் அடைவுக்கும் நாள்தோறும் ஓர் உறைநிலைப் படி எடுக்கப்பட்டு அவருடைய அடைவுக்குள்ளேயே பழைய கோப்புகள் என்னும் பெயரில் தெரியுமாறு வைக்கப்பட்டது. நேற்று இருந்த கோப்பை இன்று நீக்கிவிட்டவர் நிருவாகியை நாடாமல் தாமே எடுத்துக்கொள்ளலாம். பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளம் இதை மேலும் விரித்து, ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஒளிவட்டுகளில் நாள்தோறும் கோப்பு முறைமையின் நிலையைப் பதிந்தது. ஆண்டும் நாளும் பெயராக அமைந்த அடைவுக்குள் சென்றால் அந்நாளில் கோப்புகள் இருந்த நிலையைக் காணலாம்.

2005ஆம் ஆண்டு சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் இத்தகைய நொடிப்படிகளைச் சில நொடிகளில் எடுக்க முடிகிறது. மாறாத பகுதிகளை இருமுறை சேமிப்பதில்லை என்பதால் இடமும் குறைவாகவே தேவைப்படுகிறது. எனினும் நொடிப்படி மூலக் கோப்புகள் உள்ள அதே வட்டில் இருப்பதால் வட்டுடன் சேர்ந்து அழியும். ஆகவே அது காப்பு நகலுக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

நகல் வகைகள்

- முழு நகல்: எல்லாக் கோப்புகளும் எடுக்கப்படும்.
- ஏறுமுக நகல்: முந்தைய நகலுக்குப் பின் (அது எவ்வகையாயினும்) மாறிய கோப்புகள் மட்டும் எடுக்கப்படும்.
- வேறுபாட்டு நகல்: கடைசி முழு நகலுக்குப் பின் மாறிய கோப்புகள் அனைத்தும் எடுக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, 200 பயனர்களுக்குத் தலா 5 ஜிகாபைட்டு வீதம் 1,000 ஜிகாபைட்டு கோப்புகள் கொண்ட துறையைக் கொள்வோம். நாளொன்றுக்கு 10 ஜிகாபைட்டு அளவுக்கு வெவ்வேறு கோப்புகள் மாறுவதாகவும், ஞாயிறுதோறும் முழு நகல் எடுக்கப்படுவதாகவும் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்திற்குத் தேவைப்படும் இடம் பின்வருமாறு அமையும்.

- நாள்தோறும் முழு நகல்: 7,000 ஜிகாபைட்டு
- முழு நகலும் 6 வேறுபாட்டு நகல்களும்: 1,210 ஜிகாபைட்டு
- முழு நகலும் 6 ஏறுமுக நகல்களும்: 1,060 ஜிகாபைட்டு

சனிக்கிழமை காலையில் வட்டு பழுதானால், வேறுபாட்டு முறையில் ஞாயிறு, வெள்ளி ஆகிய இரண்டு நகல்கள் போதும். ஏறுமுக முறையில் ஞாயிறு முதல் வெள்ளி வரையிலான ஆறு நகல்களையும் வரிசையாக மீட்க வேண்டும். அவற்றில் ஒன்று படிக்க முடியாமற் போனாலும் அந்நாளில் மாறிய கோப்புகளின் புதிய வடிவம் கிடைக்காது. இடத்தை மிச்சப்படுத்தும் முறை மீட்பின்போது உழைப்பைக் கூட்டுகிறது. டம்ப் கட்டளையில் உள்ள 0 முதல் 9 வரையிலான நிலைகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்பாடுகளைச் செய்துகொள்ள உதவுகின்றன. நிலை 0 முழு நகலாகும். பிற நிலைகள் ஒவ்வொன்றும் தம்மினும் குறைந்த எண்ணுடைய கடைசி நகலுக்குப் பின் மாறியவற்றை எடுக்கும்.

சுழற்சியும் வைப்புக் காலமும்

ஊடகங்களை மீண்டும் பயன்படுத்தும் ஒழுங்கு சுழற்சி எனப்படும். பரவலாக அறியப்பட்டது பாட்டன் - தந்தை - மகன் முறையாகும். திங்கள் முதல் சனி வரை 6 அன்றாட நகல்கள், 4 வார நகல்கள், 12 மாத நகல்கள் என 22 தொகுதிகளைக் கொண்டு ஓராண்டுக்குப் பின்னோக்கிச் செல்லலாம். அண்மைய நாட்கள் நெருக்கமாகவும் பழைய நாட்கள் இடைவெளி விட்டும் காக்கப்படுகின்றன.

வைப்புக் காலம் குறுகியதாக இருந்தால் காலந்தாழ்ந்து தெரியவரும் இழப்பை மீட்க இயலாது. பருவத் தேர்வு முடிந்து ஊருக்குச் சென்ற மாணவர் விடுமுறைக்குப் பின்னரே தம் கோப்பு இல்லாததை அறிவார். ஒரு வார நகல் மட்டுமே வைத்திருக்கும் துறையில், கோப்பு நீக்கப்பட்ட பிறகு எடுத்த நகல்களே அப்போது எஞ்சியிருக்கும்.

காந்த நாடா இன்றும் வழக்கொழிந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டு அறிமுகமான எல்.டி.ஓ. நாடாவின் முதல் தலைமுறை 100 ஜிகாபைட்டு கொள்ளளவு உடையது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட்டு கொள்ளும். இயக்கியிலிருந்து வெளியே எடுத்து அலமாரியில் வைக்கப்பட்ட நாடாவை வலையமைப்பு வழியாக எவரும் அழிக்க முடியாது என்பது இதன் சிறப்பு. ஆனால் எட்டாம் தலைமுறை இயக்கி ஏழாம், எட்டாம் தலைமுறை நாடாக்களை மட்டுமே படிக்கும். பழைய நாடாக்களைக் காலந்தோறும் புதியவற்றுக்கு மாற்றாத துறையிடம் நாடா இருக்கும், படிக்கும் கருவி இருக்காது.

3-2-1 விதி

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக், எண்ணிமப் படங்களைப் பேணுவது குறித்து 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் பரவிய இவ்விதி பின்வருமாறு: 3 படிகள் இருக்க வேண்டும், அவை 2 வகை ஊடகங்களில் இருக்க வேண்டும், அவற்றுள் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

வேறு இடம் என்பதைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே பேரிடர் இரண்டு இடங்களையும் தாக்குமா என்று ஆராய வேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் உள்ளிட்ட கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின. நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. ஆற்றின் ஒரு கரையில் மூலத்தையும் மறுகரையில் படியையும் வைத்திருப்பது இத்தகைய வேளையில் பயன்தராது. மாறாக, சென்னையில் உள்ள துறை ஒன்று திருவள்ளூர் - திருத்தணி நெடுஞ்சாலையில் உள்ள கனகம்மாசத்திரம் போன்ற ஊரிலுள்ள கல்லூரி ஒன்றுடன் உடன்பாடு செய்துகொண்டு தன் இரண்டாம் படியை அங்கு வைக்கலாம். அடையாற்றின் வெள்ளம் அவ்வூரை எட்டாது. நாடாவை எடுத்துவரப் பேருந்தில் ஒரு நாளுக்குள் சென்று திரும்பிவிடலாம்.

நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பில், மேற்கண்ட எடுத்துக்காட்டின் 1,000 ஜிகாபைட்டு முழு நகலை அனுப்ப 80,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். நாள்தோறும் மாறும் 10 ஜிகாபைட்டை அனுப்ப 800 நொடிகள், அதாவது சுமார் 13 நிமிடங்கள் போதும். இவ்வேகம் முழுவதும் கிடைப்பது அரிதாகையால் உண்மையில் இதனினும் கூடுதலாகும். எனவே முதல் முழு நகலை வட்டில் எடுத்துச் சென்று, அன்றாட மாற்றங்களை மட்டும் இணைப்பு வழியே அனுப்புவது வழக்கம்.

நிகழ்வுகள்

டுவென்டே பல்கலைக்கழகம், 2002

நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகக் கணினி மையம் 2002 நவம்பர் 20 அன்று தீக்கிரையானது. கட்டற்ற இயங்குதளமான டெபியனின் பாதுகாப்பு இற்றைகளை வழங்கிவந்த கணினியும் அங்குதான் இருந்தது. அக்கணினி அழிந்தபோதிலும் அதன் சேவை வேறு கணினியில் மீண்டும் அமைக்கப்பட்டது.

மாஸ்திரிக்ட் பல்கலைக்கழகம், 2019

2019 டிசம்பர் 23 அன்று நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் பல்கலைக்கழக வழங்கிகள் பணயத் தீநிரலால் பூட்டப்பட்டன. அக்டோபர் மாதத்தில் வந்த போலி மின்னஞ்சல்களின் வழியே ஊடுருவியோர் இரு மாதங்கள் வலையமைப்பில் மறைந்திருந்தனர். முக்கியமான சில காப்பு நகல்களும் அதே வலையமைப்பில் இணைக்கப்பட்டிருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. பல்கலைக்கழகம் 30 பிட்காயின்களைப் பணயமாகச் செலுத்தியே திறவுகோலைப் பெற்றது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 2 இலட்சம் யூரோ ஆகும்.

கியோத்தோ பல்கலைக்கழகம், 2021

சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஏறத்தாழ 77 டெராபைட்டு அளவுள்ள சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அழித்தது காப்பு நகல் எடுக்கும் நிரலே ஆகும். பழைய குறிப்பேட்டுக் கோப்புகளை நீக்கும் பகுதியைத் திருத்திய புதிய நிரல், பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த நிரல் இடையிலிருந்து புதிய வரிகளைப் படித்தது. அவ்வரிகளுக்கு வேண்டிய மாறிக்கு மதிப்பு தரப்படாததால், குறிப்பேட்டு அடைவுக்குப் பதிலாகப் பயனர்களின் கோப்புகள் நீக்கப்பட்டன. நான்கு குழுக்களின் தரவைக் காப்பு நகலிலிருந்தும் மீட்க இயலவில்லை. கணினியை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அத்தரவு திரும்பவில்லை.

புது தில்லி, 2022

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஐந்து வழங்கிகள் 2022 நவம்பரில் தாக்கப்பட்டு ஏறத்தாழ 1.3 டெராபைட்டு தரவு பூட்டப்பட்டது. நோயாளர் பதிவு உள்ளிட்ட பணிகள் இரு வாரங்கள் அளவுக்குக் கைப்பட எழுதியே நடந்தன. பாதிப்படையாத காப்பு வழங்கி ஒன்றிலிருந்து மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டதாக நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

டேஜான், 2025

தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட்டு கொள்ளளவுடைய சேமிப்பகம் அழிந்தது. அதன் அளவு மிகப் பெரியது என்னும் காரணத்தால் வெளியிடக் காப்பு நகல் எடுக்கப்படாமலேயே இருந்தது.

மீட்பு

காப்பு நகலின் பயன் மீட்பில்தான் தெரியவரும். எழுதும்போது பிழை ஏதும் காட்டாத நாடா, படிக்கும்போது வெறுமையாக இருப்பதுண்டு. புதிதாகச் சேர்க்கப்பட்ட வட்டு நகல் பட்டியலில் சேராமல் விடுபட்டிருப்பதும் உண்டு. ஆகவே குறிப்பிட்ட கால இடைவெளியில் சில கோப்புகளைத் தேர்ந்தெடுத்து மீட்டுப் பார்ப்பதும், ஆண்டுக்கொரு முறையேனும் முழு வழங்கியையும் வெற்றுக் கணினியில் மீட்டுப் பார்ப்பதும் வேண்டும்.

துறையில் மீட்பு பொதுவாகப் பின்வரும் முறையில் நடைபெறும்.

- பயனர் கோப்பின் பெயர், இருந்த அடைவு, கடைசியாகச் சரியாக இருந்த நாள் ஆகியவற்றைத் தெரிவிப்பார்.
- நிருவாகி அந்நாளுக்குரிய நகலைத் தேடி எடுப்பார்.
- கோப்பு பழைய இடத்தில் எழுதப்படாமல், தனி அடைவு ஒன்றில் வைக்கப்படும். பயனர் அதன்பின் புதிதாக எழுதியவை அழியாமல் இருப்பதற்கு இதுவே வழி.
- பயனர் சரிபார்த்த பின் தேவையானவற்றைத் தாமே நகர்த்திக்கொள்வார்.

மின்னஞ்சல் பெட்டி, தரவுத்தளம் போன்று இடைவிடாது எழுதப்படும் கோப்புகளை அப்படியே படியெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக அமைந்து பயனற்றுப் போகலாம். இவற்றுக்கு நொடிப்படி எடுத்து அதிலிருந்து நகலெடுப்பர். தரவுத்தளத்திற்கு அதற்கென உள்ள ஏற்றுமதிக் கட்டளையைப் பயன்படுத்துவர்.

தமிழ்க் கோப்புகளுக்குரிய சிக்கல்கள்

தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளைக் காப்பதில் சில தனிச் சிக்கல்கள் உள்ளன.

யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கோப்புப் பெயருக்கு 255 பைட்டு வரம்பு உள்ளதால், தமிழில் 85 குறியீடுகள் வரையே எழுதலாம். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் எழுத்துகளின் எண்ணிக்கை இதனினும் குறையும். டார் கட்டளையின் பழைய வடிவத்தில் பெயருக்கு 100 பைட்டு மட்டுமே இடம் இருந்தது. அதாவது 33 தமிழ்க் குறியீடுகள். க்னூ டாரின் பிற்கால வடிவங்களில் இவ்வரம்பு நீங்கியது.

ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகாரத் துணைக்குறிகளை இருவகையாக எழுதலாம். கொ என்பதில் உள்ள துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கொடுத்தபடியே சேமிக்கிறது. இதனால் மேக்கிலிருந்து லினக்ஸ் வழங்கிக்கு நகலெடுக்கும்போது கொள்கை என்னும் பெயரில் இரண்டு கோப்புகள் தோன்றக்கூடும், அல்லது மாறாத கோப்பு ஒவ்வோர் இரவும் புதியதாகக் கருதப்பட்டு மீண்டும் எடுக்கப்படக்கூடும். ஆர்சிங்க் கட்டளையில் குறியேற்ற மாற்றத்திற்கான தெரிவைப் பயன்படுத்தி இதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது சிக்கல் காலத்தால் நேர்வது. 1990களிலும் அடுத்த பத்தாண்டின் பெரும்பகுதியிலும் தமிழ் ஆவணங்கள் திஸ்கி, 1999ஆம் ஆண்டு அறிமுகமான டாம், டாப் ஆகியவற்றிலும், தனியார் எழுத்துருக்களுக்கேயுரிய குறியேற்றங்களிலும் எழுதப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முற்பட்ட ஆய்வேடு ஒன்றை ஒரு பைட்டும் பிசகாமல் மீட்டாலும், உரிய எழுத்துருவோ குறிமாற்றியோ இல்லையெனில் அது படிக்க இயலாத குறிகளாகவே தோன்றும். ஆகவே பழைய கோப்புகளுடன் எழுத்துருவையும் சேர்த்துக் காப்பதும், ஒருங்குறிக்கு மாற்றிய படி ஒன்றை உடன் வைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

படியெடுத்தலும் தமிழ் மரபும்

ஒற்றைப் படியை நம்பியிருத்தலின் ஆபத்து கணினிக்கு முன்னரும் அறியப்பட்டதே. பனையோலை பூச்சியாலும் ஈரத்தாலும் சில நூற்றாண்டுகளில் சிதையக்கூடியது. பழந்தமிழ் நூல்கள் எஞ்சியது ஓலையின் உறுதியால் அன்று, தலைமுறைதோறும் புதிய ஓலையில் படியெடுத்ததால் ஆகும். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைத்த பல சுவடிகளை ஒப்பிட்டே பாடத்தை உறுதிசெய்தார். வெவ்வேறு ஊர்களில் படிகள் இருந்ததாலேயே அது இயன்றது.

மறுபுறம், 1981ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூல்களுள் பலவற்றைப் பின்னர் வேறிடங்களிலிருந்து பெற முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த சுவடிகளைப் பெற முடியவில்லை. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ் நூல்களை எண்ணிம வடிவில் பல படிகளாகப் பரவச் செய்கின்றன.

பொறுப்பும் தனியுரிமையும்

எதற்கு நகல் எடுக்கப்படுகிறது என்பதைப் போலவே எதற்கு எடுக்கப்படுவதில்லை என்பதையும் துறை அறிவிக்க வேண்டும். கணிப்புகளுக்கான தற்காலிக இடம், மடிக்கணினி, விரலி ஆகியவை பெரும்பாலும் நகல் பட்டியலில் சேர்வதில்லை. இதை அறியாத ஆய்வு மாணவர் தம் தரவு முழுவதையும் தற்காலிக இடத்தில் வைத்திருந்தால், துறையின் ஏற்பாடு எவ்வளவு சிறந்ததாயினும் அவருக்கு உதவாது. எவ்வளவு நேர உழைப்பை இழக்க நேரலாம், மீட்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இருப்பது நன்று.

நகல் நாடா ஒன்றை வைத்திருப்பவர் எல்லாப் பயனர்களின் கடிதங்களையும் வினாத்தாள்களையும் படிக்க முடியும். எனவே வெளியிடத்திற்குச் செல்லும் நகல்கள் மறையாக்கம் செய்யப்படுகின்றன. அதன் திறவுச்சொல் அதே வழங்கியில் மட்டும் இருந்தால், வழங்கி அழியும்போது நகலும் பயனற்றதாகும். ஆகவே திறவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, துறைத்தலைவரின் பெட்டகத்தில் வைப்பது போன்ற எளிய ஏற்பாடுகள் பின்பற்றப்படுகின்றன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைத் தகுந்த பாதுகாப்புடன் வைத்திருக்கும் கடமையை அதைக் கையாளும் நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. மாணவர் பதிவுகளின் காப்பு நகல்களைக் கையாளும்போதும் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

நிருவாகி பணிமாறிச் செல்லும்போது நாடாக்கள் எங்கே உள்ளன, எவ்வாறு மீட்பது என்பனவும் அவருடன் சென்றுவிடுவதுண்டு. மீட்கும் வழிமுறையைத் தாளில் அச்சிட்டு வழங்கியறைக்கு வெளியே வைப்பதும், அவரன்றி வேறொருவர் அதைக் கொண்டு ஒருமுறையேனும் மீட்டுப் பார்ப்பதும் இதற்குத் தீர்வாகும்.